பிளீச்சிங் தண்ணீர்

காலையிலிருந்து செல்லபாய் மூன்றாவது தடவையாக நாய்க்கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் நின்று நின்று குதிகால் வெடிப்பெல்லாம் எரிந்தது. எத்தனை கழுவினால் என்ன, அந்த நாற்றம் போய்த் தொலையவில்லை. ரத்தமாகப் பேதி போய், ஐந்து நாளில் ஆறு லாப்ரடார் குட்டிகள் செத்துவிட்டன. கடைசியாகப் போனதை இப்போதுதான் ரப்பர் மரத்து மூட்டில் புதைத்துவிட்டு வந்திருந்தாள். தாய் நாய் ஸ்வீட்டி பால் கட்டி வீங்கிய முலைகளோடு மூலையில் கிடந்தது. ஒன்றரை வருஷத்தில் அதற்கு இது மூன்றாவது ஈற்று. எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை.

ஏழாவது குட்டி மட்டும் விறகுப்புரையில் உயிரோடு இருந்தது. பிறக்கும்போதே சவலை. மற்றவை முட்டித் தள்ளுகின்றன என்று செல்லபாய்தான் அதை முதலிலேயே பிரித்து அட்டைப்பெட்டியில் வைத்தாள். தினமும் வந்ததும் அதை மடியில் போட்டுப் புட்டிப்பால் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இரண்டு ஞாயிறுக்கு முன்னால் வந்த வினை இது. ஆராதனை முடிந்த கையோடு வங்கி மேனேஜர் பெனின் குட்டி பார்க்க வந்தார். முந்தின வாரம்தான் அவர் வீட்டுக் குட்டி ரத்தப் பேதியில் செத்ததாம், அதற்குப் பதில் வேறு வேண்டுமாம். அந்த நோய் செருப்பு மண்ணில்கூட ஒட்டிக்கொண்டு வரும் என்று செல்லபாய்க்குத் தெரியும். ஊசி போடும் வயசுகூட ஆகாத குட்டிகள். கூட்டு வாசலில் இருந்த மருந்துத் தண்ணீர் பேசினைக் காட்டினாள்.

"சாரே, ஷூவ கழத்திட்டு, கால இதுல முக்கிட்டு போங்கோ."

முதலாளி ஞானசிங்குக்கு முகம் சிவந்தது. பதினெட்டு வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து நாய்க்குட்டி விற்கிறவர். கூட்டைப் பெரிதாக்க இந்த மேனேஜரிடம்தான் லோன் கேட்டிருந்தார். பேசினைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"வீட்டுக்கு வாறவங்கள கால் கழுவ சொல்லுகதா மரியாத? நீங்க வாங்க சார்."

மேனேஜர் ஷூவோடு உள்ளே போய் ஆறு குட்டியையும் மாற்றி மாற்றித் தூக்கிக் கொஞ்சினார். ஏழை சொல் அம்பலம் ஏறவா போகிறது.

இன்றைக்கு வந்த மிருக டாக்டர் இந்துஜா, கூட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "வெளியாள் யாராவது உள்ள வந்தாங்களா?"

"யாரு வர?" என்றார் ஞானசிங். "இவ வீட்டு முக்குல தெரு நாய் நாலு கெடக்கு. இவ கால்லதான் வந்திருக்கும்."

செல்லபாய் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "எனக்க கால்ல வந்துதுன்னா, எப்பளும் எனக்க மடியில கெடக்க குட்டிக்குல்லா மொதல்ல வந்திருக்கணும்? மேனேஜர் சார் வந்தன்னைக்கே நான் சொன்னேம்லா?"

"ஏட்டி, வாய் கூடிப் போச்சு உனக்கு. வேல வேணுமா, வேண்டாமா?"

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரா இருந்தாலும் சரி, பேசின்ல கால் முக்காம உள்ள வரக்கூடாது. மிச்சமுள்ள குட்டிகிட்ட வெளியாள் போகவே கூடாது. ஸ்வீட்டிய இனி ஒரு வருஷத்துக்கு இணை சேர்க்காதீங்க."

ஞானசிங் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பேசினை அவரே எடுத்து வாசல் நடுவில் வைத்தார்.

டாக்டரின் ஸ்கூட்டர் வளைவு திரும்பியிருக்காது, மேனேஜரின் கார் வந்து நின்றது.

"ஒண்ணு பிழைச்சிருக்குன்னு சொன்னாங்களே?"

"உங்களுக்குன்னே வச்சிருக்கேன் சார். விறகுப்புரையில இருக்கு, வாங்க."

செல்லபாய் ஈரக்காலோடு குறுக்கே ஓடினாள். "சாரே, அந்த ஷூவோட போவாண்டாம், அது ஒண்ணுதான்..."

"நில்லுட்டி அங்க!" ஞானசிங் அதட்டினார். "டாக்டர் சொன்னது காதுல விழல்லியா? மொதல்ல நீ கால முக்கு."

அவள் பேசினுக்குள் இறங்கி நின்றாள். வெடிப்புக்குள் மருந்து ஏறிச் சுரீரென்றது. அன்றைக்குப் போட்டு வந்த அதே தவிட்டு நிற ஷூக்கள் பேசினைச் சுற்றிக்கொண்டு விறகுப்புரைப் பக்கம் போயின. காலடிச் சத்தம் கேட்டதும், பால் வந்துவிட்டதென்று குட்டி பெட்டிக்குள்ளிருந்து முனகியது.