யார் தின்ற தேன்

அரசன் டிமாவைப் புதைத்த ஈரம் காயவில்லை, அதற்குள் அவனுக்கு அப்பன் யார் என்ற பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். மறுநாள் பாறையில் செதுக்கிய காலடிக்குள் கால் வைத்து, அடுத்துப் பட்டத்துக்கு வரும் மாயினே அரசனாக வேண்டும். அப்போது பாணர் அரசர்களின் வரிசையைச் சொல்வார். அதில் டிமா பெயர் விட்டுப்போனால் அவன் ஆண்ட காலமே இல்லை என்றாகிவிடும்.

சாட்சி கிடைத்துவிட்டது. வளர்ப்பு வீட்டில் டிமா உப்பு வெண்ணெய்க் கஞ்சி குடித்ததைக் கண்ணால் கண்டதாக ஒரு மாட்டுக்காரன் சபையில் சொன்னான். அடுத்தவர் வீட்டில் வளர்க்க விட்ட பிள்ளைகளில் அரசன் மகனுக்குத் தேன் கஞ்சி, குடியானவன் மகனுக்கு உப்பு வெண்ணெய் என்பது சட்டம். அது போதாதா ஊர் வாய்க்கு? டிமா அரசன் மகனே இல்லை என்று சபை முழுக்க முணுமுணுப்பு.

சபையில் கெல்லக்கும் இருந்தான். அவனுடைய அம்மாதான் டிமாவை வளர்த்தவள். மழை ஓயாத அந்தக் குடிசை, அடுப்புப் புகை, ஒரே கம்பளிக்குள் இரண்டு பேர். அம்மா பானைப் பக்கம் திரும்பியதும் டிமா தன் கிண்ணத்தை இவன் பக்கம் தள்ளி இவனுடையதை இழுத்துக்கொள்வான். தனக்கு இனிப்பு ஆகாது என்பான். அரசனான பிறகு ஒரு விருந்தில் அவன் விரலில் ஒட்டிய தேனைக் கண்ணை மூடி நக்கியதைப் பார்த்தபோதுதான் கெல்லக்குக்கு விஷயம் விளங்கியது. அந்த நாட்கள் இனி எங்கே வரப்போகின்றன!

சொன்னால் ஆபத்து. அரச ரத்தம் என்று பெயரெடுத்த யாரையும் மாயினே கண்ணைப் பிடுங்காமல் விட்டதில்லை. ஆனாலும் எழுந்தான்.

"அவன் உப்பு வெண்ணெய் தின்னது நெசந்தாங்க. ஆனா எங்கம்மா தேன் ஊத்துனது அவன் கிண்ணத்துலதான். தின்னவன் நானு."

மாயினே சிரிக்காமல் கேட்டான். "அப்போ ராசா மவன் நீதானோ?"

"குடுக்குறவன்தானுங்க ராசா மவன். நானா இருந்தா ஒரு நாளாச்சும் அவனுக்குக் குடுத்திருப்பேனுங்களே. ஒரு வாய்கூடக் குடுக்கலீங்க."

சபை சிரித்தது. மாயினேயும் சிரித்துவிட்டான். கெல்லக் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் பாணர் டிமாவின் பெயரைக் கணீரென்று சொன்னார். பிறகு பந்தியில் கெல்லக்குக்குத் தேன் கஞ்சி வைத்தார்கள். அவன் கிண்ணத்தைப் பக்கத்தில் தள்ளினான். அங்கே யாரும் இல்லை.