தகடு என்று நான் சொன்னது

1

இந்தக் கதை ஒரு சொல்லில் பிறந்தது. அந்தச் சொல்லைச் சொன்னவன் நான். அதிர்ச்சி இன்னும் போகவில்லை. கோர்வையாக வருமென்று எதிர்பார்க்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: 'பூனாகலை மலையில் பனி இறங்கிய காலையில்…'

(வேண்டாம். பனிக்குள் ஒளியப் பார்க்கிறேன்.)

இரண்டாவது: பதுளைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. நான் தமிழ் வாத்தியார். மச்சானைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் யசோதினி, கொழுந்து பறிப்பவள். மலையில் சறுக்கி விழுந்து வலது ஆட்காட்டி விரலின் அடியெலும்பு முறிந்திருந்தது. டொக்டருக்குத் தமிழ் வராது. அவர் சிங்களத்தில் விளக்க, நான் தமிழாக்கினேன்.

எலும்பைப் பொருத்த இரண்டு வழியாம். கம்பி என்றால் பெரிய வெட்டு இல்லை. தோலுக்கு மேலாகவே குத்தி ஏற்றி, நாலு கிழமையில் உருவிவிடலாம். ஆனால் அதுவரை விரலை அசைக்கக் கூடாது, இறுகிப்போகலாம். பிளேட் என்றால் வெட்டித் திறந்து ஆணி முடுக்க வேண்டும். சில நாளிலேயே மடக்கிப் பழகலாம். கொழுந்து பறிக்கிற கைக்கு அதுதான் நல்லது என்றார்.

[நிறுத்துகிறேன். டொக்டர் சொன்னது 'பிளேட்'. எனக்கு ஆங்கிலம் கலந்தால் ஆகாது.]

"தங்கச்சி, கைக்குள்ள தகடு வைக்கிறதுதான் நல்லதாம்."

அவள் முகம் வெளிறியது. "ஐயோ வேணாங்க சேர்! கம்பியே போடச் சொல்லுங்க."

வெட்டுக்குப் பயப்படுகிறாள் என்று டொக்டரிடம் சொன்னேன்.

3

அவளைப் பயந்தாங்கொள்ளியாக எழுதிய மூன்று பக்கங்களைக் கிழித்தாயிற்று.

4

மூன்று மாதம் கழித்து அப்புத்தளைக் கடைத்தெருவில் அவளைக் கண்டேன். விரல் பாதிக்கு மேல் மடங்கவில்லை.

"காலையில பேர் போடுற பெரட்டுக்குப் போனா கங்காணி திருப்பி அனுப்பிர்றாரு சேர். கொழுந்து கிள்ள முடியல."

"ஏனம்மா அண்டைக்கு வேண்டாமெண்டு சொன்னனீர்?"

குரலைத் தாழ்த்தினாள். "யாரோ எங்க லயத்து வீட்டு வாசல்ல தகடு பொதைச்சுத்தான் என் மொதப் புள்ள போச்சு. செய்வினைங்க. அதைக் கைக்குள்ளயே வச்சுத் தைப்பாங்களாம்! நல்லவேளை, நீங்க தமிழ்ல தெளிவாச் சொன்னீங்க. இல்லாட்டி வச்சிருப்பாங்க."

அவளிடம் நான் அப்போதே

(இந்த வாக்கியம் முடியவில்லை.)

"இறுக்கத்தை எடுக்க இன்னொரு ஒப்பரேசன் செய்யலாமாம். செவ்வாக்கெழம கிளினிக்கு. நீங்க வந்து வெளங்கப்படுத்துங்க சேர். ஒங்க பேச்சத்தான் நம்புறேன்."

5

ஒரு முடிவில் உண்மையைச் சொல்கிறேன். அவள் என்னை ஏசுகிறாள், எனக்கு ஆறுதல். இன்னொன்றில், பிளேட் போட்டிருந்தாலும் இறுகியிருக்கலாம் என்கிறார் டொக்டர். எனக்கு வசதியாக இருந்ததால் அதை அழித்துவிட்டேன்.

இன்று திங்கள். உண்மையைச் சொன்னால் அவள் என் பேச்சை நம்பமாட்டாள். நம்பாவிட்டால் ஒப்பரேசனுக்குக் கையெழுத்துப் போடமாட்டாள். சொல்லாவிட்டால் கை கிடைக்கலாம், நன்றியும் எனக்கே கிடைக்கும். நாளை அவள் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். முதலில் என்ன சொல்வீர்கள்?