அப்பாவின் கிருமி தண்ணீரிலேயே நின்றது

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமல்ல. கழக்கூட்டத்தில் என்னோடு ஒரே ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கும் அஜிதாவுடையது. சோறு வடிக்கும்போது சொன்னாள். எழுதட்டுமா என்றேன். எழுது, ரிசல்ட்டை மட்டும் மாற்றாதே என்றாள்.

'திருவனந்தபுரத்தில் மழை விடாமல்...' [வேண்டாம். அவளுடைய ஆய்வகத்துக்குள் மழை தெரியாது.]

2

அஜிதா ஆராய்ச்சி மாணவி. பாக்டீரியாவின் மேற்பரப்பு தண்ணீரை எவ்வளவு வெறுக்கிறது என்று அளப்பவள். கிருமி கலந்த நீரில் எண்ணெய் போன்ற திரவத்தைச் சேர்த்துக் குலுக்கி நிறுத்துவாள். தண்ணீரை வெறுக்கும் கிருமிகள் எண்ணெயோடு ஒட்டி மேலே போய்விடும். அடியில் நீர் தெளியும். எவ்வளவு தெளிந்தது என்பதைக் கருவி சொல்லும். (இந்தப் பத்தியை அவள்தான் திருத்தினாள். 'வெறுக்கிறது' மட்டும் என் பிடிவாதம்.)

அத்தகைய கிருமிகள் நோயாளிக்குச் சிறுநீர் வெளியேறப் பொருத்தும் குழாயில் ஒட்டாமலிருக்க ஒரு பூச்சு தயாரித்திருந்தாள். ஆய்வகக் கிருமியிடம் அது பலித்தது. கருத்தரங்கில் வாசிக்க இடமும் கிடைத்தது.

3

அவளுடைய அப்பா சத்தியதாஸ் பாறசாலையில் இருக்கிறார். முதுகெலும்பில் அடிபட்டபின் குழாயோடுதான் வாழ்க்கை, அடிக்கடி காய்ச்சல். அவர் குழாயிலிருந்து எடுத்த கிருமியை, அவர் சம்மதத்தோடு, அஜிதா சோதித்தாள். எண்ணெய் மேலே தெளிவாக மிதந்தது. நீர் கலங்கியே கிடந்தது; இந்தக் கிருமி தண்ணீரை வெறுக்கவில்லை. திரும்பச் செய்தாள். அதேதான். பூச்சுத் தடவிய குழாய்த் துண்டிலும் அந்தக் கிருமி அப்பிக்கொண்டது.

'கண்ணீர்த் துளி மேசைமேல்...' [இதுவும் வேண்டாம்.]

அவள் அழவில்லை. கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன் என்றாள், அவ்வளவுதான்.

ஆய்வகக் கிருமியின் முடிவை மட்டும் வாசிக்கலாம், அதில் பொய்யில்லை என்றார் வழிகாட்டி சுப்ரியா மேடம். இரண்டையும் வாசிப்பேன் என்றாள் அஜிதா. அன்று மாலை அப்பாவை போனில் கூப்பிட்டாள்.

"எனக்க கிருமி என்ன சொல்லுது மக்களே?"

"எனக்க பூச்சு அதுக்கிட்ட ஏலாதுப்பா."

"அப்பம்?"

"வேற செய்யணும்."

 "செய்யி. நான் இங்கதானே கெடக்கேன்" என்றார்.

4

கருத்தரங்கில் இரண்டையும் வாசித்தாள். அப்படியானால் பூச்சால் என்ன பயன் என்று ஒருவர் கேட்டார். இந்த நோயாளிக்கு இப்போது இல்லை என்றாள். யாருடைய குழாய் என்று சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு டாக்டர் வந்து, தன் வார்டுக் கிருமிகளையும் அளந்து பார்ப்பாயா என்று கேட்டார். இப்போது அவற்றைத்தான் அளக்கிறாள், ஞாயிற்றுக்கிழமையும் விடாமல்.

புதிய பூச்சு வெல்வதாக ஒரு முடிவு எழுதினேன், அஜிதா அடித்துவிட்டாள். சோகமாக இன்னொன்று எழுதினேன். அதை நானே கிழித்தேன். மூன்றாவது என்னிடம் இல்லை.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும், அதில் சத்தியதாஸ் இருக்கட்டும்.