பெட்டி அறுநூறு என்கிறது

1

ஒரு போன் செய்வதைத் தள்ளிப்போடத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தேகால், மைசூர் ஹெப்பாளில் ஒரு பேக்கரி மேசை, ஆறிப்போன டீ. சொர்ணலதாவிடம் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லாமல் வாசகர்களாகிய உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கம், முதல் முயற்சி: தொழிற்பேட்டையின் சங்கு ஊதியபோது வானம் செம்பு நிறத்தில்

சங்கு எதுவும் ஊதவில்லை. வானத்தை நான் பார்க்கவும் இல்லை.

இரண்டாம் முயற்சி: சுழலும் பொருள்கள் எல்லாவற்றுக்கும்

தத்துவம் வருகிறது. நிறுத்திக்கொள்கிறேன்.

2

வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். சொர்ணலதா ஹனூர்க்காரி. இங்கே ஒரு தொழிற்சாலையின் பாக்கிங் பிரிவில் நான்கு வருடமாக அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறாள். மெஷின் ஷாப்பில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. நாங்கள் இருவரும் படிக்கும் மாலைநேரத் தொழிற்பயிற்சி வகுப்பின் சான்றிதழோடு திங்கட்கிழமை போனால் அது அவளுக்கு. போகாவிட்டால் வேறொருவருக்கு. அவள் டேப்புக்கே திரும்ப வேண்டும்.

சான்றிதழ் வேண்டுமென்றால் நாளை மாலை ஆறு மணிக்கு, சொந்தமாகச் செய்த ஒன்றை இயக்கிக் காட்ட வேண்டும். அவள் காட்டப்போவது தன் வாடகை அறையின் சமையல் மேடையில் வைத்திருக்கும் குட்டி லேத்தை, அதாவது கடைசல் இயந்திரத்தை. சுழலும் தண்டின் நுனியில் ‘சக்’ என்ற பிடி. அது இரும்பைக் கவ்விச் சுற்றும், டூல் சீவும்.* தண்டுக்கு ஸ்பிண்டில் என்று பெயர். மோட்டார் அதை ஒரு பெல்ட்டால் சுற்றுகிறது.

டூல் அழுத்தமாகக் கடித்தால் வேகம் இறங்கிவிடும். அதற்குத்தான் என்கோடர்: விளிம்பில் துளைகள் போட்ட ஒரு வட்டும், துளைகளை எண்ணும் ஒரு மின்கண்ணும். எண்ணிக்கை குறைந்தால் சின்ன போர்டு ஒன்று மோட்டாரை விரட்டும். வேகத்தை ஒரு பெட்டி சிவப்பு எண்களில் காட்டும். நான் அவளுக்கு ஜோடி. அளப்பது, வரைவது, நோட்டில் எழுதுவது என் வேலை.

(* சீவிய தூள் எங்கும் பறக்கும். அவளோடு தங்கியிருக்கும் மாதம்மா ஒருநாள் சொன்னாள்: “நேத்து ரசத்துல இரும்பு கெடந்துச்சு. பரவால்ல, ரத்தத்துக்கு நல்லதுதான்.”)

3

இந்த இடத்தில் சொர்ணலதாவை நீங்கள் நம்ப வேண்டும். என்னால் அவளை எழுத முடிகிறதா என்று தெரியவில்லை. ‘உறுதியான பெண்’ என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் தொடர்கதைப் புத்தகம் வாங்கினால் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பாள். அது போதும்.

முதல்முறை ஓடவிட்டபோது லேத் உறுமியது. வேகம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. போர்டு ஒவ்வொரு சின்னக் குறையையும் அளவுக்கு மீறித் திருத்திக்கொண்டிருந்தது.

“உன்னை மாதிரியேதான் குரு இதுவும்” என்றாள் அவள். குரு என்றால் ஆசான் இல்லை. மைசூரில் வயதொத்தவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். “ஒரு வரி எழுதறே, அடிக்கறே, மறுபடி எழுதறே. கொஞ்சம் சும்னே இருந்தா தானா சரியாகும்.”

திருத்தும் பலத்தைப் பாதியாகக் குறைத்தாள். லேத் அடங்கியது. பெட்டி அறுநூறு என்றது, நிமிடத்துக்கு அத்தனை சுற்று. டூல் கடித்தபோதும் அறுநூறு. நாங்கள் இருவரும் கைதட்டினோம்.

(இந்தக் கைதட்டலோடு கதையை முடித்திருக்கலாம். பல கதைகள் அப்படி முடிந்து நன்றாகவே இருக்கின்றன.)

4

போன வாரம், வீணாய்ப்போன ஆர்வத்தில், சக்கின் மேல் வைட்னரால் ஒரு புள்ளி வைத்தேன். நோட்டில் தவறுகளை அழிக்க வைத்திருக்கும் அதே வைட்னர். லேத் இரும்பைச் சீவும்போது போனில் ஸ்லோமோஷன் எடுத்து, புள்ளி எத்தனை முறை வருகிறது என்று வீட்டில் உட்கார்ந்து எண்ணினேன்.

பெட்டி: 600. என் எண்ணிக்கை: 524. மறுபடி எண்ணினேன்: 531. மூன்றாவது முறை: 519.

மூன்றும் ஒத்துப்போகவில்லை. ஆகவே என்னையே சந்தேகப்பட்டு, மூன்றையும் அடைப்புக்குறிக்குள் போட்டு நோட்டை மூடிவிட்டேன். பாஸாவதற்கு, இரும்பைச் சீவும்போதும் வேகம் ஐந்நூற்று எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. மூன்று எண்களும் ஒன்றோடொன்று சண்டை போட்டாலும், அவள் ஃபெயில் என்பதில் ஒற்றுமையாக இருக்கின்றன. இதைக் கவனிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

காரணமும் தெரிந்துவிட்டது. வட்டை ஸ்பிண்டிலில் மாட்டியிருக்க வேண்டும். அதன் பின்முனை ஒரு மூடிக்குள் இருந்ததால், கைக்கு எட்டிய மோட்டார் தண்டில் மாட்டும்படி வரைந்தேன். மோட்டார் இரண்டு சுற்று, ஸ்பிண்டில் ஒரு சுற்று. இரண்டால் வகுத்தால் போதாதா? பெல்ட் வழுக்காதவரை போதும். டூல் கடித்தால் பெல்ட் வழுக்குகிறது. மோட்டார் தன்னைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறது. ‘ஸ்பிண்டில் வேகம்’ என்று பெட்டியின் மேல் லேபிள் ஒட்டியவன் நான்.

5

சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். ஒரு மாதத்துக்கு முன் இப்படித்தான், ஒயர் மாறியிருக்கிறது என்று சொல்லி லேத் முழுவதையும் கழற்ற வைத்தேன். ஒயர் சரியாக இருந்தது. திரும்பப் பூட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிச்சமானது.

சொர்ணலதா அந்த ஸ்க்ரூவை என் உள்ளங்கையில் வைத்தாள். “இதை ஞாபகத்துக்கு வெச்சுக்கோ. இனிமே டவுட் வந்தா என்கிட்டச் சொல்லாதே குரு. உன் நோட்டுல எழுது.”

எழுதினேன். அவள் சொன்னபடியே.

6

கதைக்குச் சாத்தியமான முடிவுகள்.

அ) வகுப்பில் தேர்வு வைக்கும் மாரிசாமி சார் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டுகிறார். இது நடக்காது. போன பேட்ச்சில் ஒருவனின் டிஸ்பிளேயை அவர் கைக்குட்டையால் மூடியதை நானே பார்த்தேன். “உன் பெட்டி உனக்குச் சொல்லட்டும் கண்ணு. எனக்கு என் மீட்டர் சொல்லும்” என்று தன் கைமீட்டரை நேராகச் சக்குக்கு நீட்டினார்.

ஆ) மீட்டர் 524 என்கிறது. (அல்லது 531.) சொர்ணலதா பெட்டியைப் பார்க்கிறாள், பிறகு என்னை. நான் நோட்டைத் திறந்து, தேதி போட்டு எழுதிவைத்திருப்பதைக் காட்டுகிறேன். என் பதிவுகள் துல்லியமானவை என்று நிரூபணமாகிறது. அவள் திங்கட்கிழமை டேப் ஒட்டுகிறாள்.

இந்த முடிவை எழுதியபோது எனக்கு ஒரு கணம் திருப்தியாக இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இ) அவளே கண்டுபிடித்துவிடுகிறாள். கதாசிரியருக்கு மிக வசதி.

7

சொர்ணலதா, நீ இங்கிருந்துதான் படிக்கத் தொடங்கியிருப்பாய் என்று தெரியும். வாசகர்கள் என்று மேலே நான் கூப்பிட்டதெல்லாம் உன் ஒருத்தியைத்தான். போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய். அதனால் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து உனக்கு அனுப்புகிறேன்.

பெட்டியைப் பார்க்காதே, சக்கைப் பார். வட்டு தப்பான முனையில் இருக்கிறது. என் தப்பு. இந்த முறை டவுட் இல்லை.

ஸ்பிண்டில் அளவுக்குப் புது வட்டு வெட்டி வாங்கிவிட்டேன், தேவராஜ மொஹல்லாவில், நேற்றே. (உன்னிடம் சொல்வதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்திருக்கிறேன்.) மூடியைக் கழற்ற வேண்டும், இரண்டு ஸ்க்ரூ; புரோகிராமில் இரண்டால் வகுக்கும் வரியை எடுக்க வேண்டும். அப்புறம் பெல்ட் வழுக்கினாலும் போர்டுக்குத் தெரியும், மோட்டாரை விரட்டி ஈடுகட்டும். திருத்தும் பலத்தை நீதான் மறுபடி பார்க்க வேண்டும். என் கையில் கொடுத்தால் உறுமும்.

நாளை ஆறு மணிவரை நேரம் இருக்கிறது. இன்றே செய்வதா, என்னை நம்பாமல் நீயே ஒருமுறை எண்ணிப் பார்ப்பதா, இந்தப் பக்கத்தைக் கிழிப்பதா என்பது உன் இஷ்டம். முடிவு என்று என்னிடம் வேறொன்றும் இல்லை.

உன் அறைக்கு எதிர்ப் பேக்கரியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பையில் வட்டு, ஸ்க்ரூடிரைவர், அந்த மிச்ச ஸ்க்ரூ. திட்டுவதென்றால் மாடியிலிருந்தே திட்டு. இங்கே நன்றாகக் கேட்கும்.