ஆறரை கிலோ

வாசலோரம் நின்ற பெட்டியைச் சற்று நகர்த்தி வைக்கத்தான் அவள் தூக்கினாள். தூக்கிய கை நினைத்ததைவிட மேலே போய்விட்டது. தண்ணீர் இருக்கும் என்று நினைத்துக் காலிக் குடத்தைத் தூக்கினால் கை எகிறுமே, அப்படி.

ஆறரை கிலோ. நூறு கிராம் முன்னே பின்னே இருக்கலாம்.

பயணிகள் கப்பல் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளை எடை போட்டுச் சீட்டுக் கட்டும் வேலையில் அவளுக்குப் பதினோரு வருஷம். எந்திரம் மக்கர் பண்ணிய நாட்களில் அவள் கையை நம்பியே வரிசையை நகர்த்தியிருக்கிறார்கள். அதனால் அங்கே அவளுக்குப் பெயரே தராசு. சின்னவர்களுக்குத் தராசக்கா.

பெட்டி இவ்வளவு லேசாக இருந்ததல்ல விஷயம். அது அவள் கணவருடைய பெட்டி என்பதுதான்.

அவர் குளிர்பதன அறைகளைப் பழுது பார்க்கிற மெக்கானிக். ஊருக்குப் போவதென்றால் வீட்டையே பெயர்த்துக்கொண்டு புறப்படுகிற ஆள். இரண்டு நாள் கல்யாணத்துக்குச் சுத்தியல், ஸ்பேனர் செட், பத்து முழக் கயிறு, இரண்டு பல்பு எல்லாம் வரும். கூடவே அவருடைய தலையணையும் வரும். இரண்டு கிலோவுக்குக் குறையாத பஞ்சுத் தலையணை, அது இல்லாவிட்டால் மறுநாள் கழுத்தைத் திருப்ப மாட்டார். அவளோ ஒரு வாரத்துக்கும் தோள்பையோடு கிளம்புகிறவள். நீங்கள் வீட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போங்கள், நான் மிச்சமிருக்கிற கதவைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று அவள் சொல்வதும், அங்கே போய் என்னுடைய பிளேடைக் கேட்பாய் இல்லையா, அப்போது பேசிக்கொள்கிறேன் என்று அவர் சொல்வதும் பதிமூன்று வருஷத்து வாடிக்கை.

இன்று மூன்று மணிக் கப்பலில் அவரும் எட்டு வயது மகளும் அக்கரையில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குப் போகிறார்கள். பள்ளி விடுமுறை. பன்னிரண்டு நாள். இரண்டு பேருக்கும் சேர்த்து இந்த ஒரே பெட்டி.

குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவர், அவள் கையில் பெட்டி இருப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன, தராசு என்ன சொல்லுது?”

“நம்ப முடியலைங்க. பன்னெண்டு நாளைக்கு இவ்வளவுதானா?”

“நீதானே வருஷக்கணக்கா கத்திட்டிருந்த. இப்பத்தான் மண்டையில ஏறுச்சு.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. கல்லிலும் நார் உரிக்கலாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வழியில் கொறிக்க ஏதாவது வாங்க வேண்டும் என்று மகளைக் கூட்டிக்கொண்டு அவர் கடைக்குப் போனார். வேலைக்குக் கிளம்புமுன் படுக்கையைச் சரிசெய்யலாம் என்று அவள் அறைக்குள் போனாள். மூன்று தலையணை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன.

முந்தின இரவு அவர் தலைக்குக் கீழே எதை வைத்துப் படுத்தார் என்று யோசித்தாள். நினைவு வந்தது. போர்வையை மடித்து வைத்திருந்தார். புழுக்கமாக இருக்கிறது, போர்வை வேண்டாம் என்று சொன்னார்.

பெட்டியில் இருக்குமோ? அதற்கு வழியில்லை என்று கை ஏற்கெனவே சொல்லிவிட்டது. இருந்தாலும் திறந்து பார்த்தாள். அவருடைய சட்டை இரண்டு, மகளுடைய கவுன் மூன்று, ஒரு துண்டு, பல் தேய்க்கிற சாமான். விருந்தாளி வந்தால் காட்டி வைக்கிற அலமாரி போல எல்லாம் அளவாக, அழகாக மடித்திருந்தது. அவர் இந்த ஜென்மத்தில் ஒரு சட்டையை மடித்து அவள் பார்த்ததில்லை.

ஸ்டூலைப் போட்டுப் பரண்மேல் எட்டிப் பார்த்தாள். கருவிப் பெட்டி இருந்த இடத்தில் தூசி இல்லாத ஒரு நீள்சதுரம் மட்டும் இருந்தது. மகளுடைய சைக்கிள் செயின் அறுந்துவிட்டது, கடையில் விட்டிருக்கிறேன் என்று பத்து நாளுக்கு முன்னால் அவர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. கீழே இறங்கி அலமாரி இழுப்பறையைத் திறந்தாள். மகளின் பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் இருந்த பச்சை உறை அங்கே இல்லை.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பேச்சு வந்தது. அக்கரையில் அவருடைய அக்கா புருஷன் ஒரு குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கிறார். அங்கே வேலைக்கு வந்துவிடு, குடும்பத்தோடு இருக்க வீடு தருகிறேன் என்று கூப்பிட்டார். அவள் முடியாது என்றாள். தன் வேலை, மகளின் பள்ளி, படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் அப்பா என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கணவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மனிதர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால்கூட மூன்று நாள் சொல்லிக் காட்டுகிறவர், இவ்வளவு பெரிய விஷயத்தை எப்படி ஒரே நாளில் விழுங்கினார் என்று அவள் கேட்டிருக்க வேண்டும்.

குழந்தையைப் பெற்றோரில் ஒருவர் மட்டும் கடல் தாண்டிக் கூட்டிப்போவதென்றால் மற்றவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேண்டும். நான்கு நாளுக்கு முன்னால், அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது அவர் காகிதத்தை நீட்டினார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அவளும் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அவர் கடையிலிருந்து வரும்வரை காத்திருந்து கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும். தலையணையைத் தைக்கக் கொடுத்தேன், கருவிகளைக் கடனாகக் கொடுத்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வரும். அந்தப் பதில்களைத் தான் நம்பிவிடுவோமோ என்றுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நம்பாவிட்டாலும் ஆபத்துதான். இன்று பயணம் நின்று போனால், அவளுக்கு வேலையில்லாத இன்னொரு நாளில் இன்னொரு கப்பல் இருக்கிறது. பெட்டியை முன்பு இருந்தது போலவே மூடி, வாசலோரம் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனாள்.

போனவள் தன் இடத்துக்குப் போகவில்லை. நேரே சரக்குக் கொட்டகைக்குப் போனாள்.

அங்கே பதிவு எழுதுகிறவரை எல்லோரும் பெரியண்ணன் என்பார்கள். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. கடந்த இரண்டு வாரத்தில் தன் நாத்தனார் புருஷன் பெயருக்கு ஏதாவது போயிருக்கிறதா என்று கேட்டாள். அவர் பதிவேட்டைப் புரட்டக்கூட இல்லை. வெள்ளி டேப் பார்ட்டிதானே என்றார். குளிரறைக் குழாய்க்குச் சுற்றுகிற அந்த வெள்ளி டேப்பை மூன்று பெட்டிக்கும் இடைவெளியில்லாமல் சுற்றியிருந்தார்களாம். இதைத் திறக்க வெட்டுக்கத்தி வேண்டும் என்று கொண்டுவந்த ஆளிடம் கேலி பண்ணினாராம். நாலாவதாக அட்டை சுற்றிய ஒரு குட்டிச் சைக்கிள். ஒரு பக்கம் மணி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் சேர்த்து நூற்றிநாலு கிலோ. கொண்டுவந்தவன் யாரோ வேன்காரன்.

“ஏன் தராசு, உங்க வீட்டுச் சரக்கா? சொல்லியிருந்தா நானே பார்த்து ஏத்தியிருப்பேனே.”

அவள் எங்கள் வீட்டுச் சரக்குதான் என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

எப்போதும் போல அவள் கணவர் மூட்டையும் முடிச்சுமாகக் கிளம்பியிருந்தால் அவள் கையசைத்து வழியனுப்பியிருப்பாள். ஒரு சுத்தியலைக்கூட விட்டுப்போக மனம் வராமல் அத்தனையையும் முன்னால் அனுப்பிவிட்டு, காலி பண்ணின வீட்டுக்காரன் போல ஆறரை கிலோவோடு, எடை போட்டே பிழைக்கிறவள் முன்னால் வந்து நின்றுவிட்டார்.

பொறுப்பு அதிகாரியின் அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சம்மதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று அவள் சொன்னதும் அவர் பேனாவை மூடி வைத்தார். என்ன காரணம் என்று கேட்டார். அவள் தலையணையிலிருந்து சைக்கிள் வரை சொன்னாள்.

“ஏம்மா, பெட்டி லேசா இருக்குன்னு புருஷன் மேல புகார் கொடுத்தவ நீ ஒருத்திதான். மத்தவங்க எல்லாம் பாரம் தாங்கலைன்னுதான் வருவாங்க.”

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டு அதிகாரியும் சிரிப்பை நிறுத்தினார். காரணம் எழுத வேண்டும் என்று விதியில் இல்லை, கையெழுத்து மட்டும் போதும் என்றார். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன் என்று குரலைத் தாழ்த்தினார். நீ நினைப்பது தப்பாக இருந்தால், ஊரறியப் புருஷனைப் பிள்ளை பிடிக்கிறவனாக்கிய பழி உனக்கு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நீ எப்படி இருப்பாய் என்று யோசித்துக்கொள்.

அதை அவள் வரும் வழியெல்லாம் யோசித்திருந்தாள். நினைத்தது சரியாக இருந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்திருந்தாள். அக்கரையின் சட்டம் வேறு, கோர்ட் வேறு. இங்கே போடுகிற மனு அங்கே போய்ச் சேருவதற்குள் மகள் அந்த ஊர்ப் பள்ளியில் இரண்டு வகுப்புத் தாண்டியிருப்பாள்.

கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மணிக்குக் கணவரும் மகளும் வந்தார்கள். அவர் அவளுடைய வரிசையிலேயே வந்து நின்றார். குடும்பத்துப் பெட்டியை ஊழியர்கள் தாங்களே எடை போடக்கூடாது என்பதால் பக்கத்து இருக்கைப் பெண் எழுந்து வந்தாள். மகள் தடுப்புக்குக் கீழே புகுந்து ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். குனிந்தவள் காதில் ரகசியமாகச் சொன்னாள்.

“அம்மா, நீ மூணு மாசம் கழிச்சு வருவியாம்ல? அதுவரைக்கும் அழக்கூடாதுன்னு அப்பா சொன்னாங்க. உன்கிட்ட சொல்லக்கூடாதாம். சர்ப்ரைஸாம்.”

அவள் மகளின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. பெட்டி ஓடும் பட்டையில் ஏறி, ரப்பர்த் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அவர் இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

“அவ வரலைங்க. கையெழுத்தைத் திரும்ப வாங்கிட்டேன்.”

அவர் சுற்றிலும் பார்த்தார். வாசலில் அதிகாரியும் ஒரு காவலரும் நின்றுகொண்டிருந்தார்கள். கொட்டகைப் பக்கமிருந்து பெரியண்ணன், ஏதோ வேலையாக வந்தவர் போல, கையில் காகிதமில்லாமல் வந்து நின்றார். அவள் சத்தத்தை எதிர்பார்த்திருந்தாள். சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பின்னால் பல தடவை நினைத்தாள்.

“எதை வச்சுக் கண்டுபிடிச்ச?” என்று கேட்டார். ஓடாத எந்திரத்தின் முன்னால் நிற்கும்போது அவர் கேட்கிற குரல் அது.

“பெட்டியைத் தூக்கினேன்.”

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். மகளின் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்று அவள் கை நீட்டினாள். அது பெட்டியில் இருக்கிறது, பெட்டி ஏறிவிட்டது என்றார். அவர் சட்டைப்பையில் இரண்டு நீல அட்டைகளின் ஓரம் தெரிந்தது. அவள் அதிகாரியைப் பார்த்தாள். அது புருஷன் பெண்டாட்டி விவகாரம், எனக்குச் சம்மதக் கடிதம் மட்டும்தான் கணக்கு என்பது போல அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

கணவர் மகளின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். காலணி வாரைச் சரிசெய்தார். அப்பா முதலில் போய் உன் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைக்கிறேன், அப்புறம் வந்து கூட்டிப்போகிறேன் என்றார். மகள் எப்போது என்று கேட்டாள். சீக்கிரம் என்றார். பிறகு எழுந்து, மனைவியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

“தப்பு என்னோடதுதான். அடுத்த தடவை லேசா கொண்டு வரமாட்டேன்.”

ஏதோ வழியனுப்பு நகைச்சுவை என்று நினைத்து வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். அவர் திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போனார்.

கப்பல் கிளம்புகிற வரை அவள் மகளை மடியிலிருந்து இறக்கவில்லை. அதற்குப் பிறகு மறுபடியும் அதிகாரியின் அறைக்குப் போனாள். இனி எந்தப் பயணத்துக்கும் தன் சம்மதம் கிடையாது என்று நிரந்தரமாக எழுதி வைக்க முடியுமா என்று கேட்டாள். அப்படி ஒரு வழி இல்லை என்றார். பழைய கையெழுத்தைப் பார்த்து இன்னொரு கையெழுத்துப் போடுவது பெரிய வித்தை இல்லை, தினம் நாலு கடிதம் அப்படி வருகிறது என்றும் சொன்னார், ஆறுதலாகத்தான் சொன்னார். கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கி வா, ஒட்டி வைக்கிறேன், எப்படியும் ஆறேழு மாதம் ஆகும் என்றார்.

காலையில் கணவர் திரும்பி வரமாட்டார் என்று பயந்தவள் அவள். இப்போது அவர் கையில் திரும்பி வருகிற சீட்டு இருந்தது; அதில் தேதி போட்டிருக்கவில்லை. வீட்டுச் சாவியும் அவரிடம்தான் இருந்தது. மகளின் பள்ளி விடுகிற நேரமும், எந்த வாசல் வழியாக அவள் வருவாள் என்பதும் அவருக்குத் தெரியும். பூட்டை மாற்றலாம். வாசலில் ஆள் வைக்கலாம். ஆனால் இக்கரையில் இறங்குகிறவர்களை யாரும் எடை போடுவதில்லை. அவர்கள் பாட்டுக்கு நடந்து ஊருக்குள் போய்விடுவார்கள்.

அக்கரைக் கப்பல் செவ்வாயும் வெள்ளியும் வரும். அவள் ஒரு தாள் கேட்டு வாங்கி, பதினோரு வருஷமாக உட்கார்ந்த எடைமேஜையை விட்டு, அந்த இரண்டு நாளும் தன்னை இறங்குகிறவர்களின் வாசலுக்கு மாற்றும்படி விண்ணப்பம் எழுதினாள். அங்கே நின்றுகொண்டேதான் வேலை என்று அதிகாரி சொன்னார். பரவாயில்லை சார் என்றாள்.