என் காலடியில் ஒரு பிரேக்

கார் ஓட்டக் கற்றுத்தருவது என் பிழைப்பு. ஒரே ஒரு டீசல் கார், கூரைமேல் பெயர்ப்பலகை, பக்கத்து இருக்கையில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக். என்னிடம் படித்த யாரும் ஒரு குப்பைத்தொட்டியைக்கூட இடித்ததில்லை. அப்படிப்பட்ட என் காரில், வருடாந்தரச் சோதனைக்கு முந்தைய நாள் பார்த்து மீட்டருக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தால் எனக்கு எப்படி இருக்கும்? அந்த விளக்கோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சோதனையில் தேறாத காரில் பாடம் எடுக்கக் கூடாது. பாடம் இல்லையென்றால் எங்கள் வீட்டு அடுப்பில் பூனை தூங்கும்.

மெக்கானிக் வேறு யாருமில்லை, என் தம்பிதான். காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் போய் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"அக்கா, புகை ஃபில்டர்ல கரி அடைச்சிருக்கு. புதுசு போடணும்னா..." என்று ஒரு விலை சொன்னான்.

"டேய், நான் ஃபில்டர் கேட்டேனா, இன்னொரு கார் கேட்டேனா?"

"என்கிட்ட ஏன் கத்தற? விலைய நானா வச்சேன்?"

"கூடப் பொறந்தவன்னு இங்க வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!" என்றேன். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அவன் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான்.

"சரி, கடைசியா எப்போ அம்பதுக்கு மேல போனே?"

"அம்பதா? நாப்பதையே தாண்ட விடமாட்டேன். முள்ளு அசையும்போதே என் காலு பிரேக்குல இருக்கும்."

தலையில் அடித்துக்கொண்டான். "அதான் வினையே! வேகமா ஓடி சூடு ஏறினாத்தான் அந்தக் கரி தானா எரியும். நீ தெருத்தெருவா ஊர்ந்துட்டே இருந்தா? நல்லவேளை, இன்னும் முழுசா அடைக்கல. ஹைவேல அரைமணி நேரம் வேகம் குறையாம ஓட்டிப் பாப்போம். ஆனா நீ ஓட்டாதே, மாமா ஓட்டட்டும். உன் காலு உன் பேச்சைக் கேக்காது."

மாமா என்றால் என் வீட்டுக்காரர். என்னிடம் முதன்முதலில் படித்தவர் அவர்தான். லைசன்ஸ் வாங்கி இத்தனை வருடமாகியும், அவர் ஓட்டும்போது நான் வாயை மூடியதுமில்லை, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததுமில்லை. "ஹைவேயா? நானா?" என்று கேட்ட அந்த மனுஷனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாயெல்லாம் பல்.

நெடுஞ்சாலையில் முள் அறுபதைத் தாண்டி எண்பதில் நின்றது. முன்னால் ஒரு லாரி தெரிந்ததும் என் கால் தானாக பிரேக்கை நோக்கி நீண்டது.

"காலை எடு," என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"லாரிங்க! லாரி!"

"எனக்கும் கண்ணு இருக்கு. நீ அமுக்கினா சூடு இறங்கிடும். அப்புறம் ஃபில்டர் வாங்க என்னைத்தான் விக்கணும்."

"உங்களை யாரு வாங்குவா?"

ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் இருக்கைமேல் மடக்கிச் சம்மணம் போட்டு, முழங்கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், நிதானமாக லாரியைத் தாண்டினார். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒன்று விடாமல். திட்டுவதற்கு எதுவுமே கிடைக்கவில்லை. போகப் போக என் கைப்பிடி தளர்ந்து, ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

லேசாகக் கருகல் வாடை வந்தது. கொஞ்ச தூரத்தில் மஞ்சள் விளக்கு அணைந்தது.

"அணைஞ்சிடுச்சு! ஏங்க, அணைஞ்சிடுச்சுங்க!" நான் போட்ட சத்தத்தில் அவர்தான் பயந்துபோய் பிரேக்கை மிதித்தார்.

மறுநாள் கார் சோதனையில் தேறியது. சான்றிதழை நீட்டிய அதிகாரி வெளியே எட்டிப் பார்த்தார். "கோட்டுக்குள்ள பிசகாம நிறுத்தியிருக்கே, யாரு ஓட்டிட்டு வந்தது?"

"என் வீட்டுக்காரர்தான். நல்லா ஓட்டுவார்," என்றேன்.

பின்னால் நின்றிருந்தவர் கையிலிருந்த சாவியைக் கீழே போட்டுவிட்டார். எடுத்து அவரிடமே கொடுத்தேன்.