ஒரு வாரம் மொர்த்தீன்யோ

என் கணவர் ஓல்மேதோவுக்குச் சர்க்கரை வியாதி. கடையில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். அவருடைய அண்ணன் செகுந்தோவுக்குப் போன வருடம் இதே வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து இவர் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் என் கண் இவர் பாதத்துக்குத்தான் போகும்.

சுகாதார நிலைய நர்ஸ் யோலாந்தா விரலில் குத்திப் பார்த்து, இருநூற்று அறுபது என்றாள். "அடுத்த வாரமும் இப்படியே இருந்தா டாக்டர் இன்சுலின் ஊசிதான் போடச் சொல்லுவார்."

அன்று ரேடியோவில் தலைநகர் கீத்தோவின் பல்கலைக்கழகத்து அம்மாள் ஒருத்தி பேசினாள். மேட்டுப் புல்வெளியில் தானாக முளைக்கிற நம் மொர்த்தீன்யோப் பழத்தின் கருநீலத் தோலில் உடம்பைக் காக்கும் சத்து நிறைய இருக்கிறதாம். சர்க்கரையைக் குறைக்குமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். மனிதர்களுக்கு எப்படியென்று இன்னும் தெரியாதாம். எலிக்குக் கொடுக்கலாம், என் வீட்டுக்காரருக்குக் கொடுக்கக் கூடாதா?

எதையும் சோதித்துப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கல்லறைத் திருநாளும் நெருங்கிவிட்டது. அன்று செத்தவர்களுக்குப் படைக்கிற ஊதாக் கூழ் காய்ச்ச வருடா வருடம் இந்தப் பழத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்குவோம்.

"இந்த வருஷம் நீயே மேல போய்ப் பறிச்சுட்டு வாய்யா. மாத்திரையை விட்டுடாதே. பறிக்கிறப்போ தினம் ரெண்டு கை அள்ளித் தின்னு."

"எலிக்கு வச்ச வேலையை எனக்கு வைக்கிறியா?"

"எலி இவ்வளவு வாயடிக்காது. கிளம்பு."

தினமும் கூடையோடு முனகிக்கொண்டே மலை ஏறினார். விரலெல்லாம் ஊதாவாகத் திரும்பி வந்தார். "தின்னியா?" என்றால் "ம்ம்" என்பார்.

வாரம் முடிந்து குத்திப் பார்த்தால் நூற்று ஐம்பது! யோலாந்தா நம்பாமல் இன்னொரு விரலிலும் குத்தினாள். ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றாள். "எல்லாம் மொர்த்தீன்யோதான்" என்று வரிசையில் நின்றவர்கள் முன்னால் நான் பெருமை அடித்துக்கொண்டேன். எந்தச் சரிவில் பழுத்திருக்கிறது என்று பெண்கள் என்னை மொய்த்துவிட்டார்கள்.

திருநாளன்று மாமனார் கல்லறைமேல் துணி விரித்து முதல் குவளைக் கூழை மண்ணில் ஊற்றினோம். அதன் பிறகு ஓல்மேதோ ஒரு பழத்தை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார்.

"அடேயப்பா, என்ன புளிப்பு! மறந்தே போச்சு."

"மறந்துபோச்சா? ஒரு வாரமா தின்னியே?"

"செத்தவங்களுக்குப் பறிச்சதை அவங்களுக்கு முன்னாடி நாம வாயில வைப்போமா? எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது."

"அப்ப எதுக்கு 'ம்ம்'ன?"

"இல்லேன்னா நீ சண்டைக்கு வருவே."

நான் கீழே சந்தை ஊரில் பிறந்தவள். பழத்தை வாங்கித்தான் பழக்கம், பறிக்கிற முறை எனக்கு எங்கே தெரியும்? ஊர் முன்னால் என்னை முட்டாளாக்கிவிட்டாரே என்று பற்றிக்கொண்டு வந்தது.

செகுந்தோ விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப பழம் இல்லடா தம்பி, நீ ஏறி இறங்கினதுதான் மருந்து!"

"இருங்க அத்தான். பழமும் ஏதாவது பண்ணலாமில்ல?" என்றேன்.

எனக்குள் அரிப்பு தொடங்கிவிட்டது. ஒரு வாரம் இவரைக் கடையிலேயே உட்காரவைத்துப் பழத்தை மட்டும் தின்னச் சொன்னால் தெரிந்துவிடும். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் செகுந்தோ ஊன்றுகோலை ஓரமாக வைத்துவிட்டு, காலில்லாத பக்கத்துக் கால்சட்டைத் துணியை மடித்துச் செருகிக்கொண்டு தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். என் பார்வை இவருடைய இரண்டு கால்களுக்கும் போனது.

"நாளைக்கு வெள்ளன எழுந்திருய்யா" என்றேன்.

"எதுக்கு? திருநாள்தான் முடிஞ்சுதே. இனிமே யாருக்குப் பறிக்கணும்?"

"நமக்குத்தான். நானும் வரேன். ஏறிக்கிட்டே தின்னு."

பழமா, மலையா என்று இனி எனக்குத் தெரியவே போவதில்லை. தெரியாமலே போகட்டும். அவருக்குக் கால் இருக்கட்டும்.